கையில் ஒட்டாத சாட்சி

"என் வீட்டுக்காரர் பொய் சொல்றாருங்க. அதை நீங்கதான் நிரூபிக்கணும்."

கணவன் பொய் சொல்கிறான் என்று எங்கள் ஆபீஸ் படியேறி வரும் பெண்களுக்குக் குறைவில்லை. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "யார்கூடன்னு தெரியுமா?"

"அந்தப் பொய் இல்ல. குத்தம் தன்னோடதுதான்னு பொய் சொல்றார்."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். இந்தச் சரக்கு எங்கள் கடைக்குப் புதுசு.

என் முதலாளியம்மா அசையவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. நான் அவருடைய உதவியாளன். என்னைச் சாவி என்பார்கள். ஏன் என்பது இந்தக் கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வந்தவர் பள்ளிக்கூட டீச்சர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் புடவை மடிப்பு கலையவில்லை. பேசிக்கொண்டே, டீ கிளாஸ் வட்டம் வட்டமாகக் கறை வைத்திருந்த எங்கள் மேஜையைக் கைக்குட்டையால் தேய்க்க ஆரம்பித்தார். தான் தேய்க்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த மேஜை பச்சை நிறம் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். டீச்சருக்கு ஒரே தம்பி. சின்ன வயதில் அம்மா போய்விட, இவர்தான் தூக்கி வளர்த்தார். தம்பிக்கு மண்மேட்டில் பைக் ஓட்டும் பைத்தியம். அவனைவிட வயதில் மூத்த ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியை, அக்கா புருஷன் பழுது பார்த்துக் கொடுக்க, அவன் ஓட்டுவான். போன வாரம் பெரிய மேட்டின் உச்சியில் இன்ஜின் திடீரென்று இறுகி நின்றுவிட்டது. வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பார்க்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். அந்தப் 'பார்க்கலாம்' எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்துதான் ஊத்தணும். கலக்காம விட்டா இன்ஜின் காஞ்சு இறுகிடும். நான் கலக்க மறந்துட்டேன்னு போலீஸ்ல சொல்லிட்டார். இன்னிக்குச் சாயந்தரம் ஸ்டேஷனுக்குப் போய் கையெழுத்துப் போடணும். போட்டா கேஸ், ஒர்க்‌ஷாப்புக்கு சீல்."

"மறந்திருக்கலாமே?" என்றேன்.

"அவரா? என் பிறந்தநாளை மறப்பார். ஆயிலை மறக்க மாட்டார்." கைக்குட்டை மேஜையின் மூலைக்குப் போயிற்று. "யாரையோ காப்பாத்துறாருங்க. என் தம்பியைப் படுக்கையில தள்ளினவனை, என் புருஷனே காப்பாத்துறார். அது யார்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

பூட்டு திறந்தது. "சாயந்தரத்துக்குள்ள சொல்றேன்."

* * *

ஒர்க்‌ஷாப் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. அதை ஒட்டி வீடு, வீட்டுக்கு மேலே மொட்டைமாடி. டீச்சர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளைப் பார்க்கிறேன் என்று மேலே போய்விட்டார்.

மெக்கானிக் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. ஒரு வண்டி மேலே சாய்ந்து சுளுக்கிக்கொண்டதாம், விபத்துக்கு ரொம்ப நாள் முன்னாலேயே. எதிரே தட்டில் தம்பி வண்டியின் இன்ஜின் பிரிந்து கிடந்தது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் 'வாங்க' இல்லை, 'போங்க'வும் இல்லை.

"போலீஸ் வந்து பார்த்தாச்சா?" என்றார் பூட்டு.

"வாசல்லேர்ந்து பார்த்தாங்க. நான்தான் ஒத்துக்கிட்டேனே, அப்புறம் என்ன பார்க்கிறது?"

"விபத்துக்கு முன்னாடி வண்டியில ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"கம்ப்ரஷன் இறங்கிட்டே இருந்துச்சு."

"அதை எப்படிப் பார்ப்பீங்க? இவனுக்குக் காட்டுங்க" என்று பூட்டு என்னைக் கைகாட்டினார். அவருக்குத் தெரியாததா! ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறது என்று புரிந்தது. கணக்கு எதுவானாலும் கால்வலி எனக்குத்தான் என்பதும் புரிந்தது.

ஓரத்தில் அதே ஜாதிப் பழைய வண்டி ஒன்று நின்றது. மெக்கானிக் இடது கையால் அதன் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் முள் ஆடும் ஒரு மீட்டரைத் திருகினார். "உதைங்க. பிஸ்டன் மேல வந்து காத்தை எவ்வளவு அமுக்குதுன்னு முள்ளு காட்டும். நல்லா அமுக்கினாதான் இன்ஜினுக்கு உயிரு." சொல்லிவிட்டு மறுபடியும் ஸ்டூலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

உதைத்தேன். முள் ஏதோ கடனுக்கு எழுந்து நின்றது. மறுபடி உதைத்தேன். வேர்த்ததுதான் மிச்சம்.

"இந்த வண்டிக்கும் ஆயுசு முடிஞ்சிருச்சு மேடம். எனக்கும்தான்."

"ஆக்ஸிலேட்டரை முழுசாத் திருகிப் பிடிச்சுக்கிட்டு உதைங்க" என்றது சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல். மெக்கானிக் திரும்பக்கூட இல்லை. "மூடி வெச்சுட்டு உதைச்சா காத்து எங்கேர்ந்து உள்ள போகும்? இல்லாத காத்தை எது அமுக்கும்? இப்படிப் பார்த்துத்தான் பல பேர் நல்ல இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுடறாங்க."

திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்தேன். முள் விறுவிறுவென்று ஏறி உச்சியில் நின்றது. ஏதோ நானே ரேஸில் ஜெயித்தது போல் சுற்றிப் பார்த்தேன். கைதட்ட ஆளில்லை.

பூட்டு என் காதருகே வந்தார். "வீட்டுல இடி விழுந்திருக்கு. சாயந்தரம் போலீஸ். அந்த நிலைமையிலயும் ஊர் பேர் தெரியாத ஒருத்தன் ஆக்ஸிலேட்டரைத் திருகலைங்கறதை இவரால பொறுக்க முடியல, அதுவும் சத்தத்தை வெச்சே. இவர் ஆயில் கலக்க மறந்தாராம். நம்பறியா?"

இப்போதுதான் கணக்கு புரிந்தது. கால்வலி கொஞ்சம் குறைந்தது.

"சரி, தம்பி வண்டிக்கு இப்படிப் பார்த்தப்போ?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார் பூட்டு.

"முள்ளு பாதிக்கு மேல ஏறல. பிளக் ஓட்டை வழியா துளி ஆயில் விட்டு உதைச்சேன். ஏறிடுச்சு. அப்ப மேல மூடியில ஒழுகல்ல, பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங்குதான் தேஞ்சிருக்கு. அந்தச் சந்தை ஆயில் அடைச்சுக்கிட்டதால ஏறுது."

"ரிங் மாத்தினீங்களா?"

"மாத்தினேன். ஒரு கையால. மாத்தி ரெண்டு மூணு தடவை ஓட்டறதுக்குள்ள மறுபடி இறங்கிருச்சு. டூப்ளிகேட் ரிங்கைக் கொடுத்துட்டான்னு கடைக்காரனைத் திட்டினேன். அப்பவாவது நான்..." அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார்.

எனக்குப் பொறி தட்டியது. "மேடம், கேஸ் முடிஞ்சுது! ரிங் விற்ற கடைக்காரன்! ஏதோ பழைய சிநேகம், இவர் அவனைக் காப்பாத்துறார்."

"மட்டமான ரிங்னா சுத்துமுத்தும் தேயணும்" என்றார் பூட்டு. தட்டிலிருந்த பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் பளபளவென்று நன்றாக இருந்தது. மறுபக்கம் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், யாரோ உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த மாதிரி. அந்தப் பக்கத்துக் கீழ்விளிம்பு மெலிந்து, உடைந்து போயிருந்தது. உடைந்த துண்டு மாட்டிக்கொண்டுதான் இன்ஜின் இறுகியிருக்கிறது.

பிறகு அவர் இன்ஜினின் அடிப்பாகத்துக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நனைந்து மினுங்கியது.

"ஆயிலே கலக்காத வண்டியோட அடிவயித்துல ஆயில் எங்கேர்ந்து வந்துச்சு?"

மெக்கானிக் இன்ஜினைப் பார்க்காமலே சொன்னார். "டெஸ்டுக்கு விட்டதா இருக்கும்."

"அதுக்கு அப்புறம் அவன் எத்தனை நாள் ஓட்டியிருக்கான்! துளி ஆயில் இத்தனை நாள் உள்ள உட்கார்ந்து உங்களுக்காகச் சாட்சி சொல்லாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எல்லோராலும் முடியாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர், பாவம். தலையைக் குனிந்துகொண்டார்.

"சாவி, கோடு விழுந்த பக்கத்துல வெளியே என்ன இருக்கு பார்."

பார்த்தேன். "கார்பரேட்டர்."

"காத்து உள்ள வர்ற வழி. காத்தோட தூசியும் வந்திருக்கு. மண்மேட்டுத் தூசி. அதுதான் பழைய ரிங்கையும் தின்னுச்சு, புது ரிங்கையும் தின்னுச்சு, கடைசில பிஸ்டனையும் தின்னுச்சு. தூசியைத் தடுக்கறதுக்குன்னு அங்க ஒருத்தன் வாசக்காவல் இருப்பானே, அவன் எங்க?"

வாசக்காவல் என்பது ஃபில்டர். கைக்கு அடக்கமான ஒரு ஸ்பாஞ்சு. நான் உதைத்த வண்டியில் இருந்ததைக் கழற்றினேன். பசை மாதிரி விரலில் அப்பிக்கொண்டது. பேண்ட்டில் துடைத்தேன். பேண்ட் போனது, பசை போகவில்லை.

"இந்த ஸ்பாஞ்சுல இருக்கிற ஓட்டைக்குத் தூசி சும்மா புகுந்து போயிடும்" என்றார் பூட்டு. "அதுல பூசற பிசுபிசு ஆயில்தான் தூசியைப் பிடிச்சு நிறுத்தும். ஒட்டினாத்தான் அது ஃபில்டர். இப்ப தம்பி வண்டியோடதைக் கொடு."

அதைத் தொட்டதும் என் கை நின்றது. காய்ந்திருந்தது. மெத்தென்று, தட்டினதும் தூசி உதிர்ந்து சுத்தமாக, மூக்குக்கு அருகில் வைத்தால் லேசாகச் சோப்பு வாசனை. மேல் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடத்தில் கிள்ளி வைத்தது போல் அழுந்தியிருந்தது.

"எலி கடிச்சிருக்கு" என்றேன்.

"எந்த எலி இவ்வளவு வரிசையாக் கடிக்கும்? இது துணி கிளிப். கொடியில மாட்டிக் காயப்போட்ட தடம்."

அந்த ஒர்க்‌ஷாப்பில் கொடி கிடையாது. துணி கிளிப்பும் கிடையாது. எனக்கு எங்கள் மேஜையின் பச்சை நிறம் ஞாபகத்துக்கு வந்தது. ஏன்தான் வந்ததோ, வராமலே இருந்திருக்கலாம்.

மெக்கானிக் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து ஃபில்டரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "மேடம், இதை விட்டுடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே கிணறு வெட்டச் சொன்னவர் பேரிலேயே பூதம் கிளம்பியிருந்தது.

அவர் மெல்லச் சொன்னார். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம். ஒரு நீல டப்பா உண்டு. கழுவி, ஆயில் பூசி, மாட்டத் தயாரான ஃபில்டர் மட்டும்தான் அதற்குள் போகும். டப்பாவிலிருந்து எடுத்தால் கேள்வி கேட்காமல் மாட்டலாம்.

"கை சுளுக்கினப்புறம், 'இனி நீயே கழுவிக்கடா'ன்னு மச்சினன்கிட்ட சொன்னேன். அவன் அழுக்கு ஃபில்டரை ரேஸ் துணியோட பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருக்கான். அவ துணியோட துணியா அதையும் கழுவியிருக்கா. பிசுபிசுப்பு போற வரைக்கும் தேச்சிருக்கா. காயவெச்சு, நீல டப்பாவுலயே கொண்டு வந்து வெச்சுட்டா. டப்பாவுல இருக்கேன்னு அவன் மாட்டினான். அவன்தான் ஆயில் போட்டான்னு நான் நினைச்சேன். நான்தான் போட்டேன்னு அவன் நினைச்சான். ஒவ்வொரு வாரமும் அப்படியே."

"எப்ப தெரிஞ்சுது?"

"வண்டியைக் கொண்டு வந்து திறந்த அன்னிக்கு. ஃபில்டரை எடுத்தேன், கிளிப் தடம் இருந்துச்சு, கையில ஒட்டல."

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "தம்பிக்குத் தெரியுமா?"

"கண்ணு முழிச்சதும் முதல் வார்த்தையே, 'மாமா, ஃபில்டருக்கு ஆயில் போட்டீங்கல்ல?'ன்னான். போட்டேன்டா, பெட்ரோல்லதான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். இன்னும் பேசல."

பூட்டு நாற்காலி தேடி உட்கார்ந்தார். விபத்து வண்டிக்குள் அவர் பார்க்காதது இல்லை, ஆனாலும் உட்கார்ந்தார். "உண்மையைச் சொன்னா இது விபத்து. யார் மேலயும் கேஸ் நிக்காது."

"கேஸ் நிக்காது மேடம். அவ நிக்கணுமே. அவன் கட்டில் பக்கத்துல நாளைக்குப் போய் எப்படி நிப்பா? தூக்கி வளர்த்தவ மேடம் அவ. ஆயுசு முழுக்க அவன் காலைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். என்னைத் திட்டினா அவளுக்கு ஒரு ஆள் இருக்கு திட்டறதுக்கு. அவ தன்னையே திட்ட ஆரம்பிச்சா யார் நிறுத்துவா?"

சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ஒரு கேஸ். கண்டுபிடிக்காவிட்டால் அந்த நல்ல மனிதர் உள்ளே போவார். கண்டுபிடித்ததைச் சொன்னால் அந்த அக்கா உடைந்து போவார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளை நான் மனதாரச் சபித்தேன்.

மொட்டைமாடிக்குப் படியேறும்போது பூட்டு சொன்னார். "முடியலைன்னு சொல்லிடலாம். எங்களால கண்டுபிடிக்க முடியல, மன்னிச்சுக்கங்கன்னு."

"பொய்யா மேடம்? நீங்களா?"

"நான் எப்பவும் போல வாயை மூடிக்கப் போறேன், அவ்வளவுதான். நீயும் மூடிக்க." அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

* * *

மொட்டைமாடியில் டீச்சர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் பனியன்கள், ஆஸ்பத்திரித் துண்டுகள், ஒரு போர்வை. எல்லாம் வெள்ளை வெளேரென்று. போர்வையை அவர் உருவியதும் அதற்குப் பின்னால் இருந்தது தெரிந்தது.

இரண்டு ஸ்பாஞ்சு ஃபில்டர்கள், ஆளுக்கு இரண்டு கிளிப் போட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"அவரால ஒத்தைக் கையால ஒண்ணும் முடியல" என்றார் டீச்சர், எங்கள் பார்வையைப் பார்த்துவிட்டு. "மத்தவங்க வண்டியோடது கீழே ஷெல்ஃபுல பிசுபிசுன்னு கிடந்துச்சு. நேத்தே ஒண்ணு கழுவி நீல டப்பாவுல வெச்சுட்டேன். பேக்கரிக்காரர் தன் வண்டிக்குன்னு காலையில வந்து எடுத்துட்டுப் போயிட்டார். நாளைக்கு அதே மேட்டுல ஓட்டறாராம். என்னால முடிஞ்சது அவ்வளவுதானே?"

பூட்டின் கை என் தோளைப் பிடித்தது. என்னைத் தடுப்பதற்கா, தான் விழாமல் இருப்பதற்கா, தெரியவில்லை.

நான் பூட்டைப் பார்த்தேன். பூட்டு கொடியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு அந்தப் பேக்கரிக்காரர் மேடு ஏறுவார். ஒருநாள் அவர் வண்டியும் உச்சியில் இறுகும். அவருக்கும் வீட்டில் ஒரு அக்காவோ தங்கையோ இருப்பார்கள்.

"டீச்சர், பேக்கரிக்காரர் நம்பர் இருக்கா?"

இருந்தது. பூட்டு டீச்சரின் போனிலேயே பேசினார். "அந்த ஃபில்டரை மாட்டாதீங்க. மாட்டியிருந்தா கழட்டிடுங்க. வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. காரணம் அப்புறம் சொல்றேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார்.

டீச்சர் புரியாமல் நின்றார். "ஏன் மேடம்? நல்லாத்தானே கழுவினேன்?"

எவ்வளவோ சமயத்தில் வேண்டாத இடத்தில் வாயைத் திறந்து உளறியவன் நான். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. டீச்சர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், என் விரல்களைப் பார்த்தார்.

"கையெல்லாம் என்னது? இருங்க, சோப்பு தரேன்."

"ஃபில்டர் ஆயில்" என்றேன்.

"அதைத் தொட்டுப் பாருங்க டீச்சர்" என்றார் பூட்டு, ரொம்ப மெதுவாக. "அப்புறம் கொடியில இருக்கிறதையும் தொட்டுப் பாருங்க."

டீச்சர் என் விரலைத் தொட்டார். விரல் ஒட்டி, பிரிந்தது. கொடியில் ஆடியதைத் தொட்டார். அது ஒட்டவில்லை. மறுபடி என் விரல், மறுபடி கொடி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தூசி" என்றார். "இதுல ஒட்டித்தான் நிக்குமா?"

பூட்டு தலையசைத்தார்.

"நான் அழுக்குன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாங்களும் நின்றோம். கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் மூழ்குவதைக் கரையில் நின்று பார்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை.

படியில் காலடிச் சத்தம். ஸ்டேஷனுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மெக்கானிக் மேலே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. யார் போட்டுவைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கொடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றார் டீச்சர்.

"சொன்னா நீ தாங்க மாட்டே."

"தாங்கலைதான்."

டீச்சர் கொடியிலிருந்த இரண்டு ஃபில்டர்களையும் கிளிப் நீக்கி எடுத்தார். கணவரிடம் நீட்டினார். "இதுக்கு ஆயில் போட்டுட்டுப் போலாம். ஸ்டேஷனுக்கு நானும் வரேன். அங்க முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவன்கிட்ட நான்தான் சொல்லணும்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் ஏற்கெனவே படியிறங்கத் தொடங்கியிருந்தார். என் விரலைத் தொட்ட அந்த விரலை மட்டும் எதிலும் படாமல் தனியே தூக்கிப் பிடித்திருந்தார். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை அப்படியே இருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை.